குச்சி நகராத நாள்

சித்தி மலைச்சரிவைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள் என்று கேள்விப்பட்டபோது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் எழுந்த முதல் சந்தேகம், அதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்பதுதான். மழை பெய்கிறது, மலை சரிகிறது, ரோடு அடைபடுகிறது, டிவியில் காட்டுகிறார்கள். இதற்கு எதற்கு ஐந்து வருடம் என்று அப்பா கேட்டார். அப்பாவுக்கு மலை என்றால் வருடத்துக்கு ஒருமுறை சுற்றிவரும் திருவண்ணாமலைதான். அவர் பார்த்தவரைக்கும் அது ஒருநாளும் அசைந்ததில்லை.

மரக்காணத்தில் எங்கள் பக்கம் தரை தட்டை. தட்டையாக இருந்தால்தான் பாத்தியில் தண்ணீர் நின்று உப்பு விளையும். உயரம் என்று சொல்லிக்கொள்ளப் பனைமரங்களும் ஒரு செல்போன் டவரும் எங்கள் உப்பு அம்பாரமும் மட்டுமே இருந்தன. கோடை முழுக்க வாரிய உப்பை ரோட்டோர மேட்டில் கொட்டிக் குவித்து, ஐப்பசி மழைக்கு முன்னால் ஓலையும் தார்ப்பாயும் போர்த்தி வைப்பார்கள். அந்தக் குவியலுக்குத்தான் அம்பாரம் என்று பெயர். மழைக்காலத்தில் புது உப்பு கிடையாது என்பதால், லாரிகள் வந்து அதிலிருந்துதான் எடுத்துப் போகும். அந்த வருடத்து அம்பாரம் மாடி வீட்டை விட உயரம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்த ஒரு நாளில் சித்தி இடது கையில் மாவுக்கட்டோடு வந்து இறங்கினாள். நீலகிரியில் மனிதர் நிற்க முடியாத சரிவுகளில் எல்லாம் ஏறி இறங்கியவள், ஹாஸ்டல் மாடிப்படியில் சறுக்கி விழுந்திருந்தாள். பிரம்மதேசத்துத் தாத்தா வீட்டுக்குப் போனால் கட்டுப் பிரிப்பதற்குள் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள் என்று நேராக அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

முதல் இரண்டு நாள் சித்தி அம்மாவோடு உட்கார்ந்து தன் வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். மலையில் ஆழமாகத் துளை போட்டு உள்ளே குழாய் இறக்கி வைப்பார்களாம். மண் உள்ளுக்குள் நகர்ந்தால் குழாய் வளைந்து காட்டிக் கொடுக்குமாம். வெடிப்பின் மேல் கம்பி கட்டி வைப்பார்களாம். மேலிருந்து சாட்டிலைட் எடுக்கும் படங்களை அடுக்கிப் பார்ப்பார்களாம். எத்தனை நாள் தொடர்ந்து எவ்வளவு மழை பெய்தது என்று மணிக்கு மணி எழுதுவார்களாம்.

"இது எதுவும் இல்லாத ஊர்ல ஜனங்களே கண்டுபிடிக்கலாம்க்கா. மரம் ஒரே பக்கமா சாயும். நேத்து வரைக்கும் சாத்தின கதவு இன்னிக்குச் சாத்தாது" என்றாள்.

"நம்ம சமையல் ரூம் கதவு ஒரு வாரமா சாத்தல" என்றாள் அம்மா.

"அது மழையில மரம் ஊறினதுக்கா."

அம்மாவுக்கு அந்தப் பதில் அவ்வளவாகத் திருப்தி தரவில்லை. அன்று சமையல் அறையில் வழக்கத்தை விடச் சீக்கிரமாக வேலையை முடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மூன்றாம் நாள் சித்தி எங்கள் பாத்திகளைப் பார்க்க வந்தாள். நானும் கூடப் போனேன். தனலட்சுமி அக்காவும் அவரோடு வரும் ஆறு பெண்களும் அம்பாரத்தின் ரோட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து உப்பை வெட்டி மூட்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். உப்பு நாளாக நாளாக வெளியே இறுகிக் கல் மாதிரி ஆகிவிடும். அடியில் வெட்ட வெட்ட, மேலே இருப்பது விழாமல் அப்படியே நிற்கும். ஒரு மாதமாக ஒரே பக்கம் வெட்டியதில் அங்கே வெள்ளையாக ஒரு சுவர் எழுந்திருந்தது. நிழலுக்கு அதைவிட நல்ல இடம் அந்த வட்டாரத்தில் கிடையாது. அக்காக்கள் அதன் அடியில்தான் சாப்பிடுவார்கள்.

சித்தி அந்தச் சுவரைப் பார்த்ததும் அதை நோக்கி நடந்தாள். அம்பாரத்தை ஒரு சுற்று சுற்றி வந்தாள். பின்பக்கத்துச் சரிவில் ஒற்றைக் கையை ஊன்றி மேலே ஏறினாள். போன வாரக் காற்றில் தார்ப்பாய் கிழிந்திருந்த இடத்தில் ஓலையை விலக்கிப் பார்த்தாள். நானும் பின்னாலேயே ஏறிப் பார்த்தேன். சுவரின் விளிம்பிலிருந்து நாலடி உள்ளே, விளிம்புக்கு இணையாக நீளமாக ஒரு வெடிப்பு. என் இரண்டு விரல் உள்ளே போகும்.

கீழே இறங்கி அப்பாவிடம் போனாள்.

"மாமா, இந்தப் பக்கம் வெட்ட வேணாம். மேல வெடிப்பு விட்டிருக்குது."

"உப்புன்னா வெடிக்கும்மா. வருஷா வருஷம் வெடிக்குது."

"வருஷா வருஷம் இவ்ளோ உசரமா, இவ்ளோ செங்குத்தா வெட்டுவீங்களா?"

"இந்த வருஷம் நல்ல விளைச்சல்" என்றார் அப்பா பெருமையாக.

"மலையோ மண்ணோ உப்போ, கணக்கு ஒண்ணுதான் மாமா. எடை கீழ இழுக்குது. உள்ள இருக்கிற பிடிமானம் தாங்கி நிக்குது. நீங்க அடியில வெட்டிட்டே போறீங்க. மேல கிழிஞ்ச இடத்துல தண்ணி இறங்கி வெடிப்புக்குள்ள போகுது. இழுக்கிறது அப்படியே இருக்குது, தாங்குறது மட்டும் குறைஞ்சிட்டே வருது."

அப்பா மேலே பார்த்தார். தார்ப்பாயை மட்டும் மாற்றச் சொன்னார். லாரி பக்கத்தில் காத்து நின்றது. மறுபக்கம் வெட்டுவதென்றால் லாரி போக வழியில்லை, அதற்கு வரப்பை உடைத்துப் பாதை போட வேண்டும், மழையில் அது ஆகாத காரியம். அவர் தரப்பிலும் நியாயம் இருந்தது. இருபது வருடம் உப்பில் நின்றவருக்கு, நேற்று வந்த மச்சினி உப்பைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கிறாள்.

சித்தி சண்டை போடவில்லை. சவுக்குக் குச்சி இரண்டை எடுத்து முனை சீவி, வெடிப்புக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக அறைந்தாள். தலையில் ஆளுக்கொரு ஆணி. என் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை வாங்கி இரண்டு ஆணிக்கும் நடுவே அளந்தாள். சரியாகப் பத்து சென்டிமீட்டர். முன்பக்கத்துக் குச்சியை நடும்போதுகூட அவள் வெடிப்பைத் தாண்டிக் கால் வைக்கவில்லை. பின்னாலிருந்தே குப்புறப் படுத்துக் கையை நீட்டித்தான் நட்டாள். அதை நான் பார்த்தேன். ஏன் என்று யோசிக்கவில்லை.

"இன்னா தங்கச்சி, பந்தக்காலா நடுற? யாருக்குக் கல்யாணம்?" என்று தனலட்சுமி அக்கா கீழேயிருந்து கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தாள்.

"நீங்க வெட்டும்போது ஒருத்தர் மட்டும் எழுந்து நின்னு மேலயே பார்த்துட்டு இருங்கக்கா. உப்பு பொலபொலன்னு கொட்டுனா எல்லாத்தையும் போட்டுட்டு வந்துடுங்க" என்றாள்.

மறுநாள் அளந்தபோது இரண்டு மில்லிமீட்டர் விரிந்திருந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் இரண்டு. சித்தி தினமும் அப்பாவிடம் வந்து சொன்னாள். எவ்வளவு விரிந்தது என்பது பெரிய விஷயம் இல்லையாம். நேற்றை விட இன்று வேகமாக விரிகிறதா என்பதுதான் விஷயமாம். ஒரே சீராக நகர்ந்தால் இன்னும் காலம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் முன்னதை விட அதிகமாக நகர்ந்தால் அது கிளம்பிவிட்டது என்று அர்த்தம். அப்பா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு லாரிக்காரருக்குப் போன் போடுவார்.

பிறகு மழை விட்டது. நல்ல வெயில். குச்சி நட்டதிலிருந்து நாலாம் நாள் அது நகரவில்லை. ஐந்தாம் நாளும் நகரவில்லை.

அப்பா சித்தியை எதுவும் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொன்னார். தபால்காரரிடம் சொன்னார். "எங்க வீட்டுல ஒரு டாக்டரு இருக்குது. உப்புக்கு ஜுரம் பாக்குது" என்றார். லாரி டிரைவர் வந்தால் முதல் வேலையாக, "குச்சி எப்படிங்க இருக்குது, சாப்பிட்டுச்சா?" என்று விசாரித்தார். ஐந்தாம் நாள் சாயங்காலம் அப்பா சித்தியிடம் நல்லவிதமாகவே சொன்னார்: "நாளைக்கும் நகரலன்னா குச்சியைப் புடுங்கிடலாம்மா. தார்ப்பாய் அங்க ஒழுங்கா உக்காரல."

எனக்கு நெஞ்சு கொதித்தது. என் சித்தி ஊட்டியில் எத்தனை மலைகளைப் பார்த்தவள். ஒரு டிரைவர் அவளைக் கேலி செய்வதா? குச்சி நகர்ந்திருந்தால் எல்லோரும் வாயை மூடியிருப்பார்கள். அந்தக் குச்சி ஒரு விரற்கடை நகர்வதற்கு என்ன கேடு என்று நினைத்துக்கொண்டே தூங்கிப் போனேன். விடிந்து எழுந்தபோது வழி தெரிந்துவிட்டது.

பால் வாங்கப் போகும் சாக்கில் அம்பாரத்துக்கு ஓடினேன். யாரும் வந்திருக்கவில்லை. பின்பக்கமாக ஏறினேன். முன்பக்கத்துக் குச்சியை ஒரு கையால் இழுத்தேன், வரவில்லை. வெடிப்பைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி ஆட்டிப் பிடுங்கினேன். விளிம்புப் பக்கமாக இரண்டு விரல் தள்ளிக் கல்லால் அறைந்து நட்டேன். பழைய ஓட்டையில் உப்பை அள்ளி நிரப்பிக் காலால் மிதித்தேன். நிறைய மிதித்தேன். பிறகு பாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், நல்ல பிள்ளையாகப் பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

எட்டு மணிக்குச் சித்தி அளக்கப் போனாள். நானும் போனேன். கீழே அப்பா, டிரைவர், தனலட்சுமி அக்கா எல்லோரும் நின்றிருந்தார்கள். சித்தி மேலே படுத்து ஸ்கேலை வைத்தாள். நான் பின்பக்கத்துச் சரிவில் அவளுக்கு நாலடி தள்ளி நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஸ்கேலைப் பார்த்தாள். மறுபடி வைத்துப் பார்த்தாள். பிறகு குச்சியின் அடியைப் பார்த்தாள். விரலால் உப்பைக் கிளறினாள். என் செருப்புத் தடம் அங்கே எத்தனை பதிந்திருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும். அப்போது அது என் புத்திக்கு எட்டவில்லை. அவள் குச்சியைப் பிடுங்கினாள். பழைய ஓட்டையிலேயே இறக்கினாள். அளந்தாள். எழுந்து உட்கார்ந்து கீழே பார்த்துச் சொன்னாள்:

"இன்னிக்கும் நகரல மாமா. நேத்து இருந்த இடத்துலயேதான் இருக்குது."

டிரைவர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. "சரி. அப்ப எடுத்துடலாமா?" என்றார்.

"வேலையை நிறுத்தச் சொல்லி நான் கேக்கல மாமா. நகராதப்ப எப்படிக் கேக்கிறது? மழை முடியுற வரைக்கும் குச்சி மட்டும் இருக்கட்டும்."

"இருந்துட்டுப் போவுது" என்றார் அப்பா.

எனக்கு அழுகை வந்தது. அவளுக்காக நான் தேடிக் கொடுத்ததை அவளே தூக்கி எறிந்துவிட்டாள். சித்தி இறங்கி வந்து என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். கோபமாகப் பேசவில்லை. ஆனால் கை இறுக்கமாக இருந்தது.

"இனிமே நீ தனியா மேல ஏறக் கூடாது. அந்த வெடிப்புக்கு அந்தாண்ட காலே வைக்கக் கூடாது. அது போச்சுன்னா நீயும் அதோட போயிடுவ. புரியுதா?"

"ம்" என்றேன். வேறு எதுவும் அவள் கேட்கவில்லை. வீட்டில் சொல்லவும் இல்லை. அதனால் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று முடிவு செய்துகொண்டேன். அவ்வளவு படித்தவளுக்குத் தன் நல்லது தெரியவில்லையே என்று வருத்தமாக இருந்தது. அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

அன்று மத்தியானமே கிழக்கே கருத்துக்கொண்டு வந்து மழை பிடித்தது. விட்டு விட்டு மறுநாள் காலை வரை பெய்தது. விடிந்து மழை நின்றதும் சித்தி போனாள். மூன்று மில்லிமீட்டர். அவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. பாத்தியோரக் கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்து பத்து மணிக்கு மறுபடி அளந்தாள். ராத்திரி முழுக்க விரிந்த அளவு மூன்று மணி நேரத்தில் விரிந்திருந்தது. பன்னிரண்டு மணிக்கு மேலே போனவள் வழக்கத்தை விடச் சீக்கிரமாக இறங்கினாள். லாரி பாதி நிறைந்திருந்தது. அக்காக்கள் சுவரடியில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா லாரியின் பின்பக்கம் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, ஏழு மில்லி. ரெண்டு மணி நேரத்துல. எல்லாரையும் வெளியே வரச் சொல்லுங்க."

அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். நான் அவர் கேலியாக ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் மூட்டையிலிருந்து குதித்து இறங்கினார்.

"தனலட்சுமி, வெளிய வா. எல்லாரும் வாங்க."

"இன்னும் பத்து மூட்டைதான் அண்ணே. முடிச்சிட்டு வந்துடறோம்."

"மூட்டை கிடக்கட்டும். இப்ப வா."

"கூடையெல்லாம் எடுத்துட்டு..."

"கூடையும் கிடக்கட்டும்மா. எழுந்திரு."

அப்பா அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. தனலட்சுமி அக்காவும் கேட்டிருக்க மாட்டார். வெட்டிய மண்வெட்டியை உப்பிலேயே விட்டுவிட்டு ஏழு பேரும் வந்தார்கள். டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே லாரியை ரோட்டுக்கு எடுத்தார். எல்லோரும் எதிர் வரப்பில் போய் உட்கார்ந்தோம்.

ஒரு மணி ஆனது. ஒன்றும் நடக்கவில்லை. அம்பாரம் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு சாதுவாக நின்றது. இரண்டு மணி ஆனது. அக்காக்கள் கட்டி வந்த சோற்றைச் சாப்பிட்டு முடித்தார்கள். ஒருவர் தன் வெற்றிலைப் பையை உள்ளேயே வைத்துவிட்டதாகவும், ஓடிப்போய் எடுத்து வந்துவிடுவதாகவும் இரண்டு தடவை சொன்னார். அப்பா இரண்டு தடவையும் கூடாது என்றார். டிரைவர் போனை எடுத்து யாரிடமோ, இங்கே உப்பை வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்றார். சித்தி மேலே ஏறவில்லை. இனி ஏறுவதற்கில்லை என்றாள். நின்றபடியே சுவரின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணி தாண்டியிருக்கும். சுவரின் நடுவிலிருந்து உப்பு மெலிதாகக் கொட்ட ஆரம்பித்தது. ஓட்டைப் பையிலிருந்து சர்க்கரை கொட்டுவது மாதிரி. நின்றது. மறுபடி இரண்டு இடத்தில் கொட்டியது. தனலட்சுமி அக்கா எழுந்து நின்றார். அப்புறம் மேலே தார்ப்பாயில் ஒரு மடிப்பு விழுந்தது. அந்தப் பக்கம் முழுவதும் முன்னால் சாயவில்லை, முதலில் இருந்த இடத்திலேயே உட்கார்ந்தது. உட்கார்ந்தபடியே அடி வெளியே தள்ளிக்கொண்டு வந்து, எல்லாமாக இடிந்து ரோட்டோரம் வரை பரவியது. நான் பெரிய சத்தத்தை எதிர்பார்த்திருந்தேன். சத்தம் கனமாக இருந்தது, பெரியதாக இல்லை. தரை வழியாகக் காலுக்குத்தான் அதிகம் கேட்டது.

கூடை, மண்வெட்டி, மூட்டை எதையும் காணவில்லை. அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் உப்பு கிடந்தது. பாறை மாதிரியான கட்டிகள், எங்கள் வீட்டு பீரோ அளவில்.

தனலட்சுமி அக்கா தன்னோடு வந்த ஆறு பேரையும் ஒவ்வொருவராகத் தோளில் தொட்டுக்கொண்டே போனார். ஆறு முடிந்ததும் முதலில் இருந்து மறுபடி தொட்டார். அப்பா வரப்பில் உட்கார்ந்துவிட்டார். டிரைவர் காதில் வைத்திருந்த போனில் யாரோ ஹலோ ஹலோ என்று கூப்பிடுவது எனக்குக் கேட்டது.

சித்தி கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் கையில் கட்டியிருந்த மாவுக்கட்டின் மேலேயே எழுதினாள். மூன்றே கால். என்னிடம் தண்ணீர் கேட்டாள்.

"பன்னெண்டு மணிக்கே சொல்லிட்டியேம்மா" என்றார் அப்பா.

"எப்போன்னு எனக்குத் தெரியாது மாமா. ராத்திரி விழுந்திருக்கலாம். நாளைக்கு விழுந்திருக்கலாம். நெருங்கிடுச்சுன்னு மட்டும்தான் சொல்ல முடியும். மலையிலயும் அவ்ளோதான் முடியும்."

அந்த வருடம் அவள் கட்டுப் பிரித்துக்கொண்டு ஊட்டிக்குப் போன பிறகு அப்பா வரப்பை உடைத்து அம்பாரத்தைச் சுற்றிப் பாதை போட்டார். அதன்பின் எங்கள் அம்பாரத்தில் அடியில் யாரும் வெட்டியதில்லை. மேலிருந்து படி படியாகத்தான் எடுப்பார்கள். மழைக்காலம் வந்தால் மேலே குச்சி நடுவார்கள். அளப்பது தனலட்சுமி அக்காவின் பொறுப்பு. நாலு பாத்தி தள்ளி இருப்பவர்களும் வந்து கேட்டுக்கொண்டு போய் நட்டார்கள். டாக்டர் பட்டம் வாங்கியபோது சித்திக்கு அப்பாதான் முதலில் போன் செய்தார். மறுபடியும் உப்பின் ஜுரத்தைப் பற்றிப் பேசினார், ஆனால் இந்த முறை பேச்சு வேறு மாதிரி இருந்தது.

எனக்கென்னவோ ரொம்ப நாள் வரை வேறொரு நினைப்பு இருந்தது. அம்பாரம் விழுந்ததற்குக் காரணமே நான் குச்சியை ஆட்டிப் பிடுங்கியதுதான் என்றும், சித்திக்கு வந்த பேரில் பாதி என்னுடையது என்றும் ரகசியமாக நம்பிக்கொண்டிருந்தேன். சித்தி மட்டும் நான் செய்ததை அன்றே ஏற்றுக்கொண்டிருந்தால் ஒரு நாள் முன்னாலேயே ஜெயித்திருப்பாள் என்ற குறையும் இருந்தது.

கல்லூரிக்குப் போன பிறகு ஒருநாள் அப்பாவிடம் கேட்டேன். அத்தனை நாள் கேலி செய்துவிட்டு, அன்றைக்கு மட்டும் அவள் சொன்ன உடனே ஏன் குதித்து இறங்கினீர்கள் என்று. மழையைப் பார்த்து பயந்தீர்களா, ஏழு மில்லிமீட்டரைக் கேட்டு பயந்தீர்களா என்றேன்.

"மில்லியெல்லாம் எனக்கு இன்னா தெரியும்?" என்றார் அப்பா. "அதுக்கு முந்தின நாள் காலையில அவ்ளோ பேர் முன்னாடி, 'இன்னிக்கும் நகரல மாமா'ன்னு சொன்னா பாரு. அந்த டிரைவர்கூட சிரிச்சான். நகர்ந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா யாரு மேல ஏறிப் பார்க்கப் போறோம்? அவ சொல்லல. அப்படிப்பட்டவ வந்து எழுந்திருன்னு சொன்னா, எழுந்திருக்கணும்."

சித்தி அதைச் சொன்னபோது நானும் அங்கேதான், அவளுக்கு நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அவள் தோற்றுப்போனாள் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.